தேங்காய்த் தண்ணீரில் செலுலோசு ஏடு: சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மெலிந்த விளைச்சல் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

முல்லைத்தீவுக் கரையோரத்தை அண்டிய ஓர் ஊரில் கொப்பறா காயவைத்து எண்ணெய் ஆட்டும் சிறிய ஆலை ஒன்று இயங்குகிறது. நாளொன்றுக்குச் சுமார் 400 தேங்காய் உடைபடும். முற்றிய காய் ஒன்றுக்கு 120 மில்லிலீற்றர் என்று வைத்தாலும் 48 லீற்றர் தண்ணீர் தினமும் பின்வளவில் ஊற்றுப்பட்டது. மறுநாளே அது புளித்து மணக்கும், இலையான் மொய்க்கும். அயல்வீட்டார் முறைப்பாடு சொல்லாத மாதம் இல்லை.

ஆலையில் காய் உடைக்கும் பெண்கள் ஐவரும் அயலில் இருவருமாக எழுவர் சேர்ந்து இந்தத் தண்ணீரில் நாட்டா செய்யத் தொடங்கினர். பிலிப்பைன்சில் 'நாட்டா டி கோகோ' என்று விற்கப்படும் பொருள்தான் இது. பலூடாவிலும் பழச்சாற்றிலும் மிதக்கும், கடித்தால் நறுக்கென்று வழுக்கும் வெள்ளைத் துண்டு. பார்வைக்கு ஜெலி போல இருந்தாலும் ஜெலியோடு இதற்கு உறவில்லை. கோமகாடெய்பக்டர் சைலினஸ் என்ற பற்றீரியா ஏடாக நூற்கும் தூய செலுலோசு இது. பழைய நூல்களில் அசெற்றோபக்டர் சைலினம் என்று இருக்கும். வினாகிரியின் மேல் படரும் தோல் செலுலோசுதான் என்று ஏ. ஜே. பிரவுன் 1886 இல் எழுதினார். ஈர ஏட்டில் 98, 99 வீதம் தண்ணீர். மிச்சமுள்ள ஒரு வீதம் போலத்தான் நார். பஞ்சில் உள்ள அதே செலுலோசுதான் என்றாலும் இழை பன்மடங்கு நுண்ணியது. அத்தனை தண்ணீரையும் பிடித்து வைப்பது அந்த நுண்மைதான்.

தயிருக்கு உறைமோர் போல, பற்றீரியா உயிரோடுள்ள தொடக்கத் திரவம்தான் உறைநீர். அது ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் வந்தது. ஒன்று உடனே பாவனைக்குப் போனது. மற்றது ஓர் உறுப்பினர் வீட்டுப் பிறிட்ஜின் கீழ்த்தட்டில் கிடந்து மறந்துபோனது. அந்த மறதிதான் சில மாதத்தின் பின் இந்தத் தொழிலைக் காப்பாற்றியது.

தொடக்கச் செய்முறை

உடைத்த தண்ணீரைத் துணியில் இருமுறை வடித்து, லீற்றருக்கு 20 கிராம் சீனியும், பற்றீரியாவுக்கு நைதரசன் ஊட்டமாக 5 கிராம் அமோனியம் சல்பேற்றும் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவைத்து, நுரையை அள்ளி எறிந்தனர். அடுப்பிலிருந்து இறக்கிய பின் செறிந்த அசெற்றிக் அமிலம், லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் அளவில். இந்த அமிலம் தோலைச் சுடும், ஆவி கண்ணை எரிக்கும். கொதிக்கும் பானைக்கு மேல் குனிந்து ஊற்றக் கூடாது. ஆறிய கரைசலில் பத்தில் ஒரு பங்கு உறைநீர் கலந்து, 30 க்கு 40 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் தட்டங்களில் விட்டனர். ஒரு தட்டத்துக்கு 4 லீற்றர் கரைசல், 400 மில்லிலீற்றர் உறைநீர். ஆழம் மூன்றரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு தடவைக்கு 12 தட்டம். கடதாசியால் மூடி றப்பர் வளையம் போட்டு ஒன்பது நாள் விடுவது.

முதல் வாரத்தில் இரண்டு அலுமினியத் தட்டங்களும் பாவித்தார்கள். அமிலம் உலோகத்தை அரித்து ஏட்டின் அடியில் சாம்பல் கறை படிந்தது. உடனே அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

அமோனியம் சல்பேற்று உணவுத் தரத்தில் வாங்கப்பட்டது. வயலுக்கு வாங்கிய உரப்பை வீட்டில் இருக்கும்போது எதற்கு வெளியில் வாங்குவது என்ற கேள்வி வந்தது. வன்னியில் இப்படியொரு தொழிலை யார் தொடங்கினாலும் அந்தக் கேள்வி வரும். பற்றீரியாவுக்கு இரண்டும் ஒன்றுதான், சாப்பிடுகிறவருக்கு ஒன்றல்ல. உரத்தில் வேறென்ன கலந்திருக்கிறது என்று பை சொல்லாது. மறுத்தது சரியான முடிவு. ஒருமுறை கையிருப்பு முடிந்தபோது முளைகட்டிய பயறை அவித்து வடித்த தண்ணீரைச் சேர்த்தார்கள். ஏடு வந்தது, மஞ்சள் சாயலோடு. அவசரத்துக்கு அது போதும்.

மாசி, பங்குனி: எல்லாம் சரியாக இருந்த காலம்

முதல் ஆறு வாரமும் ஏடு 11, 12 மில்லிமீற்றர் தடிப்பில் வந்தது. 1200 சதுர சென்ரிமீற்றர் தட்டத்தில் 11 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 1.3 கிலோ ஈர ஏடு. 12 தட்டத்தில் பதினைந்தரைக் கிலோவுக்குக் குறையாது. புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் இரண்டு கூல்பார்கள் எடுத்தன.

இந்தக் காலத்தில் ஒருவரைத் தவிர யாரும் எதையும் அளந்து எழுதவில்லை. கைக்கு வந்த விளைச்சல் தங்கள் கைப்பக்குவம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது மாசி மாதத்தின் பக்குவம். இரவில் 24, பகலில் 31 பாகை. இந்தப் பற்றீரியா கேட்பது 28 முதல் 30 வரை. கொடுத்தது காலநிலை.

எழுவரில் அந்த ஒருவர் மட்டும் பிள்ளையின் பழைய கொப்பியில் திகதி, தட்ட இலக்கம், றாக்கையில் எந்தத் தட்டு, ஏட்டுத் தடிப்பு என்று நான்கு நிரல் போட்டு எழுதிவந்தார். ஏன் எழுதினார் என்று கேட்டால், சீட்டுக் கணக்கு எழுதிய பழக்கம் என்றார்.

சித்திரை, வைகாசி: மெலிவு

சித்திரை நடுவில் ஏடு 7 மில்லிமீற்றருக்கு இறங்கியது. வைகாசியில் 4. கையில் எடுத்தால் நழுவாமல் கிழிந்தது. 12 இல் நான்கு தட்டங்களில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். இன்னும் சிலவற்றில் ஏட்டுக்குள் குமிழ்க் குழிகள்.

இந்த நிலையில் எடுத்த இரண்டு முடிவுகளும் தவறானவை. அவை ஏன் அந்த நேரத்தில் சரியாகத் தெரிந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

முதலாவது, சீனியைக் கூட்டியது. செலுலோசு சீனியிலிருந்துதான் உண்டாகிறது, ஆகவே ஏடு மெலிந்தால் சீனி போதவில்லை என்று கணக்கிட்டார்கள். லீற்றருக்கு 20 கிராம் 50 ஆகி, பிறகு 80 ஆனது. ஒரு தடவைக்கு ஒரு கிலோ போட்ட இடத்தில் நான்கு கிலோ. ஏடு ஒரு மில்லிமீற்றரும் கூடவில்லை, இன்னும் இளகியது. புளிப்பை அளக்கும் பீஎச் தாளில் (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) பார்த்தபோது 4.3 இல் தொடங்கிய கரைசல் ஒன்பதாம் நாள் 3 க்கு வந்திருந்தது.

காரணம் இதுதான். இந்தப் பற்றீரியாவின் கலமென்சவ்விலேயே குளுக்கோசை குளுக்கோனிக் அமிலமாக்கும் நொதியம் இருக்கிறது. சீனி மிஞ்சினால் நூற்பதை விட்டுப் புளிக்கவைப்பதில் இறங்கிவிடும். பீஎச் மூன்றரைக்குக் கீழே போனால் நூற்பு தளர்ந்துவிடும். ஆய்வுகூடங்களில் இதை வளர்க்க ஹெஸ்டிரினும் ஷிராமும் 1954 இல் வகுத்த கரைசல்தான் இன்றுவரை அளவுகோல். அதில் லீற்றருக்கு 20 கிராம் குளுக்கோசுக்கு மேல் இல்லை. தேங்காய்த் தண்ணீரில் இயல்பாகவே நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் இனிப்பு இருக்கும்போது, அதற்கு மேல் 80 கிராம் வாரிக் கொட்டுவதில் பொருளில்லை.

இரண்டாவது முடிவு நுட்பமானது, சேதமும் அதிகம். இந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் தேவை என்று ஓர் உறுப்பினரின் மகன் படித்திருந்தான். அது உண்மை. மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறிய மோட்டர் ஒன்றை உறைநீர் வாளிக்குள் விட்டான். முன்பு ஐந்தாறு நாள் எடுத்த உறைநீர் இரண்டே நாளில் பால்போலக் கலங்கிவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த உறைநீரை மூன்று தடவை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருக்கினார்கள்.

மூன்றாவது பெருக்கத்தில் ஊற்றிய 12 தட்டத்திலும் ஒன்பதாம் நாள் ஏடென்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே சளி போன்ற மெல்லிய ஆடை, அடியில் பஞ்சுத்துகள்.

ஒரு சொல்லாத மாற்றம்

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஏடு பிடித்துவிட்டதா என்று பார்க்க, நாளுக்கு இருமுறை கடதாசியைத் தூக்கித் தட்டத்தை ஒரு பக்கம் சரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஏடு திரவத்தின் மேற்பரப்பில், காற்றுப் படும் இடத்தில் மட்டுமே நூற்கப்படுகிறது. புதிய அடுக்கு மேலே வர, பழையது கீழே தள்ளப்படும். தட்டம் ஆடினால் ஏடு ஒரு பக்கம் அமிழ்ந்து அதன்மேல் திரவம் பாயும், பற்றீரியா மேலே புதிதாக இன்னோர் ஏட்டைத் தொடங்கும். அறுவடையில் வருவது ஒரே தடித்த ஏடு அல்ல, பழைய புத்தகம் போலத் தாள் தாளாக உரியும் ஒன்று. கத்தி வைத்தால் துண்டுகள் சறுக்கிப் பிரிந்தன. கூல்பார்க்காரர் அதை "பிஞ்ச நாட்டா" என்றார். பதற்றம் கூடக்கூடத் தூக்கிப் பார்ப்பதும் கூடியது, தூக்கிப் பார்க்கப் பார்க்க ஏடு பிரிந்தது.

ஆனி: கொப்பி காட்டியது

நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்த கூட்டத்தில்தான் அந்தக் கொப்பி மேசைக்கு வந்தது. எழுதியவர் சொன்னது இவ்வளவுதான்: "மேல்தட்டு எப்பவும் இப்பிடித்தான் அக்கா. பங்குனியிலயும் கீழ்த்தட்டுத்தான் தடிப்பா வந்தது. நாங்கள்தான் பாக்கேல்ல."

அறை தகரக் கூரை. இரும்பு றாக்கையில் மூன்று தட்டுகள். ஒரே நாளில் ஒரே பானையில் காய்ச்சி, ஒரே உறைநீர் விட்ட தட்டங்கள் சித்திரைக் கடைசியில் மேல்தட்டில் 3, நடுவில் 5, கீழே 9 மில்லிமீற்றர். சீனியோ உறைநீரோ குற்றவாளி என்றால் மூன்று தட்டும் ஒன்றாக மெலிந்திருக்கவேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். கூரைக்குக் கீழ்க் காற்று 38 பாகை. மேல்தட்டுத் தட்டத்துத் திரவம் 35. கீழ்த்தட்டில் 31.

35 பாகையில் இந்தப் பற்றீரியா சாவதில்லை, ஆனால் ஒழுங்காக நூற்பதுமில்லை. அந்தச் சூட்டை விரும்பும் மற்றவை முந்திக்கொள்ளும். குமிழ்க் குழிகள் நொதிக்கும் மதுவத்தின் (ஈஸ்ட்) வேலை. ஏட்டுக்குக் கீழே அது விடும் காபனீரொட்சைட்டு ஏட்டைத் தூக்கி ஓட்டை போடும்.

இப்போது சந்தேகத்துக்குரியவை இரண்டு: சூடும் உறைநீரும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். ஆகவே 12 தட்டத்தையும் நான்காகப் பிரித்தார்கள். காற்றடித்த உறைநீர் மூன்று மேல்தட்டில், மூன்று கீழ்த்தட்டில். பிறிட்ஜில் மறந்திருந்த பழைய போத்தலிலிருந்து அசையாமல் பெருக்கிய உறைநீர் மூன்று மேலே, மூன்று கீழே. சீனி எல்லாவற்றுக்கும் 20 கிராம். ஒன்பது நாளும் யாரும் தொடக் கூடாது என்று கதவுக்குப் பூட்டு.

திறந்தபோது காற்றடித்தது மேலே வெறும் ஆடை, கீழே 2 மில்லிமீற்றர். அசையாதது மேலே 5, கீழே 11. சூடு பாதி விளைச்சலைத் தின்றது. காற்றடித்த உறைநீர் கிட்டத்தட்ட முழுவதையும் தின்றது.

உறைநீருக்கு என்ன நடந்தது

இரண்டு வகை உறைநீரும் உள்ள கண்ணாடிப் போத்தல்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். அசையாத போத்தலில் மேலே விரல்நகத் தடிப்பில் ஒரு வட்டத் தோல், கீழே திரவம் கிட்டத்தட்டத் தெளிவு. சரித்தால் தோல் போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காற்றடித்த போத்தலில் தோல் இல்லை, திரவம் மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல். குலுக்கினால் சிறு நூல்துகள்கள் சுற்றும்.

பார்வைக்குக் கலங்கியதுதான் வளமானது. ஆனால் கலங்கலில் பெருமளவு நூற்கத் தெரியாத பற்றீரியாக்கள். பெருகும்போது தற்செயலாகச் சில நூற்கும் திறனை இழக்கும். அசையாத போத்தலில் அவற்றுக்கு வாழ்வில்லை. நூற்பவை ஏட்டைப் பிடித்து மேலே காற்றோடு நிற்கும், நூற்காதவை கீழே மூச்சடைத்துக் கிடக்கும். காற்றை எங்கும் அடித்துவிட்டால் அந்த ஏற்பாடு தலைகீழாகும். நூற்பவை தாங்கள் நூற்ற நூலிலேயே சிக்கித் துகளாகும். நூற்காதவை சீனியைச் செலுலோசுக்குச் செலவழிக்காமல் தங்கள் பெருக்கத்துக்கே செலவழித்து எங்கும் நிறையும். மூன்று பெருக்கம் போதும், வாளி அவற்றின் வசமாகிவிடும். ஒட்சிசன் தேவை என்று பையன் படித்தது பிழையில்லை. அது மேற்பரப்பில் மட்டும் தேவை. வளர்ப்புக் கலனில் காற்றடித்துச் செலுலோசு எடுக்கும் ஆய்வுகளும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் எதனோல் (மதுசாரம்) சேர்த்தால் இந்தத் திறனிழந்தவை அடங்குவதாகத் தெரிந்திருக்கிறது. இங்கே அதை முயலவில்லை. "அப்ப கொஞ்சம் கள்ளு விடுவமே" என்று ஒருவர் கேட்டார். கள்ளில் எதனோல் உண்டு, கூடவே உயிருள்ள மதுவமும் உண்டு. அறைக்குள் கள்ளுப் போத்தல் வரக் கூடாது என்பது அன்றே விதியானது.

ஆடி: மீட்பு

காற்றடித்த உறைநீர் முழுவதும் கொதிக்கவைத்துக் கொட்டப்பட்டது. வாளியும் அகப்பையும் சுடுநீரில் அவிக்கப்பட்டன. பிறகு பழைய போத்தலின் தோலிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள்.

தோலில் நெருப்புப்பெட்டி அளவு துண்டொன்றை வெட்டி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, அவித்த கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, 200 மில்லிலீற்றர் கரைசல் உள்ள அகலவாய்ப் போத்தலில் இட்டு ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கினார்கள். தோலுக்குள் சிக்கியிருக்கும் பற்றீரியா வெளியே வருவதற்கு அந்த ஒரு நிமிடக் குலுக்கல். அதன்பின் அசைக்கவே இல்லை. இப்படி ஆறு போத்தல். ஆறாம் நாள் ஆறிலும் கையால் இழுத்துப் பார்த்து, கண்ணாடிபோல் தெளிந்து அறாமல் நின்ற இரண்டை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுத்தார்கள். மூன்று சுற்று. நுணுக்குக்காட்டியோ, பற்றீரியாவைப் பிரித்து வளர்க்கும் ஏகார்க் கூழோ இல்லாத இடத்தில் கையின் இழுப்புத்தான் தேர்வு.

மூன்றாம் சுற்றிலிருந்து 12 சிறிய போத்தல்கள் தாய்ப் போத்தலாக ஒதுக்கப்பட்டன. ஆறு ஒரு வீட்டுப் பிறிட்ஜில், ஆறு இன்னொரு வீட்டில். மின்வெட்டு இரு வீட்டுக்கும் ஒன்றுதான் என்றாலும் பழுது ஒன்றாக வராது. ஒரு தாய்ப் போத்தலிலிருந்து ஐந்து பெருக்கம்வரைதான் எடுப்பது, அதன்பின் அடுத்ததைத் திறப்பது என்று வகுத்தார்கள்.

சூட்டுக்கு மலிவான வழிதான் கிடைத்தது. தகர அறையைக் கைவிட்டு, ஆலையின் வடகிழக்குப் பக்கத்தில் வேம்பு நிழலில் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று போட்டார்கள். அரைச்சுவர் மண், மேலே நுண்வலை. றாக்கை இடுப்புக்கு மேல் போவதில்லை. கால்கள் தண்ணீர் விட்ட ரின்களுக்குள், எறும்புக்காக. தென்மேற்குப் பக்கம் சோளகம் நேரே அடிக்கும் இடத்தில் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார்கள். சோளகம் காய்ந்த காற்று, நனைந்த சாக்கினூடே வந்தால் நன்றாகவே குளிரும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தட்டத்துத் திரவம் 30 பாகையைத் தாண்டவில்லை.

ஆனால் முதல் வாரம் சாக்குகளைக் கொட்டிலுக்குள்ளேயே கட்டிவிட்டார்கள். ஈரம் கடதாசியில் ஏறி, கடதாசி தொய்ந்து கரைசலில் தொட்டது. தொட்ட இடமெல்லாம் பூஞ்சணம். சாக்குகளை வலைக்கு வெளியே ஒரு மீற்றர் தள்ளிக் கட்டிய பின்தான் நின்றது. கடதாசிக்குப் பதில் இறுக்கி இழுத்துக் கட்டிய பருத்தித் துணி, அதன்மேல் கடதாசி என்றும் மாற்றினார்கள். துணி ஒவ்வொரு தடவையும் அவித்து வெயிலில் காயவேண்டும்.

ஊற்றும் முறையும் மாறியது. முன்பு கரைசலை ஆறவைத்துத் தட்டத்தில் விட்டார்கள். இப்போது மாலையில் கொதி அடங்கியவுடனே சூட்டோடு தட்டத்தில் விட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சூடே தட்டத்தையும் துணியின் உட்புறத்தையும் சுத்தமாக்கும். விடிய ஆறு மணிக்குத் துணியின் ஒரு மூலையை மட்டும் தூக்கி, உறைநீரை ஓரத்தால் மெல்ல விட்டு மூடுவது. கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்குக் கீழே வராமல் உறைநீர் விட்டால் அவ்வளவும் வீண், பற்றீரியா வெந்துவிடும். அசெற்றிக் அமிலமும் கண்மதிப்பில் இல்லை. உறைநீரும் சேர்ந்தபின் பீஎச் 4.2 க்கும் 4.5 க்கும் இடையில் நிற்க வேண்டும். மேலே போனால் பூஞ்சணம், கீழே போனால் மந்தம்.

சீனியைக் கடைசியாகத் தொட்டார்கள். மற்றதெல்லாம் நிலைத்தபின் 20, 30, 50 கிராம் என்று மூன்று தட்டம் மூன்று தட்டமாகப் பார்த்ததில் 9, 11, 11 மில்லிமீற்றர். 30 இல் நின்றார்கள். இந்த அளவில் ஒரு தட்டத்துக்குப் போகும் சீனி 120 கிராம், தேங்காய்த் தண்ணீரின் சொந்த இனிப்பு ஏறத்தாழ 80 கிராம். ஏட்டில் உலர்ந்த செலுலோசாக வருவது 13 கிராம் போலத்தான். மிச்சம் அமிலமும் காற்றும், பற்றீரியா பாவிக்காமல் விட்ட சீனியும். விற்பது தண்ணீரைப் பிடித்து வைத்த செலுலோசு என்பதால் கணக்கு ஒத்துவருகிறது. உலர்ந்த செலுலோசாக விற்கவேண்டுமென்றால் ஒத்துவராது.

ஆவணி முதல் கார்த்திகை வரை

ஆவணி, புரட்டாதியில் ஏடு 10, 11 மில்லிமீற்றரில் நின்றது. 12 தட்டத்தில் ஒன்று கெடும், சில தடவை அதுவுமில்லை. வவுனியாவிலும் ஒரு கூல்பார் எடுத்தது.

பிறகு 14 கிலோ திரும்பி வந்தது, வினாகிரி மணம் என்று. ஏடு தடித்தால் அமிலம் உள்ளே தங்கும். 4 மில்லிமீற்றர் ஏட்டுக்குப் போதுமாயிருந்த ஒருநாள் ஊறல் 11 மில்லிமீற்றருக்குப் போதாது. இப்போது முழு ஏடாக அல்ல, சதுரத் துண்டாக வெட்டியபின் மூன்று நாள் ஊறல், நாளுக்கு இருமுறை தண்ணீர் மாற்றம், பிறகு 15 நிமிடமாக இரண்டு கொதி. கடைசிக் கொதிக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சரிவரவில்லை. கல்சியம் கூடிய தண்ணீர், துண்டின் மேல் வெண்பொடி படிந்தது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கிய தண்ணீரில் அது இல்லை. ஊறவைக்கக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

கார்த்திகையில் மாரி முழுதாக இறங்கியதும் கொட்டிலின் குறை வெளிவந்தது. இரவில் 23 பாகை, துணி காயவில்லை, வலையினூடே சாரல். ஏடு ஒன்பது நாளில் 7 மில்லிமீற்றர்தான். 12 நாள் விட்டால் 10 வந்தது, ஆனால் இரண்டு மூன்று தட்டம் பூஞ்சணத்துக்குப் போனது. தாங்கள் கைவிட்ட தகர அறைக்கே திரும்பினார்கள். மாரியில் அதன் சூடு உதவிதான். றாக்கையில் மேல்தட்டு இப்போது நல்ல இடம்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

வெப்பமானி முதல் நாளே வாங்கியிருக்கவேண்டியது. மூன்று மாதம் கூடுதலாகப் போட்ட சீனியின் விலையில் பல வெப்பமானி வாங்கலாம். அதிகூடிய, அதிகுறைந்த பாகை இரண்டையும் காட்டும் வகை என்றால் ஆளில்லாத பிற்பகலும் தெரியும்.

தட்ட இலக்கத்தோடு இடமும் எழுதப்படவேண்டும். இந்த ஊரில் அது தற்செயலாக நடந்தது. இப்போது கொப்பியில் ஏழு நிரல்: திகதி, இடம், தாய்ப் போத்தல் இலக்கம், எத்தனையாம் பெருக்கம், தொடக்கப் பீஎச், இரண்டு மணிப் பாகை, தடிப்பு. பெருக்க நிரல்தான் மிகவும் உதவியது. நான்காம் பெருக்கத்திலிருந்தே தடிப்பு அரை மில்லிமீற்றர் போலக் குறைவது அதில் தெரிந்தது. ஐந்து என்ற வரம்பு நான்காகக் குறைக்கப்பட்டது.

தட்டத்தைத் தூக்கிப் பார்ப்பதற்குப் பதில், ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் அதே கலவையை ஊற்றி வாசலில் வைக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர் அதைப் பார்க்கலாம், போத்தலையும் தொடாமல்.

தீராதது ஒன்று இருக்கிறது. அறுவடைக்குப் பின் தட்டத்தில் மிஞ்சும் பீஎச் மூன்றரைத் திரவம், ஒரு தடவைக்கு 30 லீற்றருக்கு மேல். முதலில் வாழைக்கு ஊற்றினார்கள், இலை ஓரம் கருகியது. இப்போது நீற்றுச் சுண்ணாம்பு கலந்து, தாள் 6 காட்டியபின் தென்னைகளுக்கு மாறிமாறி விடுகிறார்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் ஏடு ஊற்றப்படுவதால், இடையில் நான்கு நாள் உடைக்கும் காயின் தண்ணீர் இன்னும் பின்வளவுக்குத்தான் போகிறது.